நம்மாளு பேசி முடித்த வீடு

வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரெண்டே முக்கால் இருக்கும். கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் மட்டும்தான். யாரோ கூப்பிடுகிற அடையாளமாகப் போர்டில் ஒரு சின்னக் கதவு டப்பென்று விழுந்தது. பிளக்கைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"சேலத்துக்கு ஒரு டிரங்க் போடும்மா. லைட்னிங்" என்றது குரல். வெளியூர்க் காலை வரிசையில் நிற்காமல் உடனே போட்டுத் தருவதற்குப் பேர் லைட்னிங், காசு பல மடங்கு.

குரல் எனக்குத் தெரியும். ஒரு மாசமாக எங்கள் வீட்டுக்கு வந்து போன குரல். சேலம் நம்பரைச் சொன்னதும் அதுவும் தெரிந்துவிட்டது. என் கைப்பையில் மடித்து வைத்திருந்த அக்ரிமென்ட்டின் பின்பக்கம் அதே நம்பரைத்தான் எழுதி வைத்திருந்தேன். நாங்கள் வாங்கப் போகிற வீட்டின் சொந்தக்காரர் நம்பர்.

கால் எழுதும் டிக்கெட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு சேலத்தைக் கூப்பிட்டேன். சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. நமக்காகப் பேசத்தான் இத்தனை அவசரமாக லைட்னிங் போடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்தத் தொடரில் எக்ஸ்சேஞ்ச் கதைகள் எத்தனையோ எழுதிவிட்டேன். கல்யாணம் நின்ற கதை, செத்துப்போனவர் பேரில் கால் வந்த கதை எல்லாம் சிரித்துக்கொண்டே எழுதினேன். இதை மட்டும் வாரா வாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனிமேல் தள்ள இடமில்லை.

ஒண்ணுன்னா

அப்போது நாங்கள் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு கக்கூஸ். என் வீட்டுக்காரர் தணிகாசலம் அரிசி மில்லில் மேஸ்திரி. ரெண்டு பெண் பிள்ளைகள். அப்புறம் என் மாமியார்.

மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. படுத்த இடத்திலிருந்தே ஆறு வீட்டுக் குழம்பையும் மோப்பம் பிடித்துக் குறை சொல்வார்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா வந்து கதவு ஓரம் நின்றார். நல்ல மாதிரிதான், முகம் சுளித்துப் பேசத் தெரியாது. அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் குரலைத் தணித்து, "தப்பா நெனச்சிக்காத. அவங்களுக்கு ஒண்ணுன்னா இங்க வெச்சிக்காதீங்க. பொண்ணுக்குச் சம்மந்தம் பேசிக்கினு இருக்கறோம்" என்றார்.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த 'ஒண்ணுன்னா' புரியும். அதே லைனில் மூணாவது வீட்டில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஆஸ்பத்திரியில் போய்விட்டார். உடம்பை உள்ளே விடவில்லை. தெரு முனையில் வண்டியை நிறுத்தினார்கள். அவர் சம்சாரம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், அங்கிருந்தே சுடுகாடு. மறுநாள் அதே வீட்டுக்கு வாடகையும் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எங்கம்மாவ தெருவுல போட மாட்டேன். ஒரு நாளாவது சொந்த வூட்டுல இருந்து போவட்டும்" என்றார். வேறு ஒன்றும் அவர் ஆசைப்பட்டதில்லை. ஒரு அறையும் ஒரு கூடமும், ஒரு உடம்பைக் கிடத்த இடம் இருந்தால் போதும் என்றார்.

ரெண்டு தரகர்கள்

வீடு தேடுவதென்றால் இப்போது போனைத் தடவுகிறீர்கள். அப்போது ஆளைத் தேட வேண்டும். எங்களுக்கு ரெண்டு பேர் கிடைத்தார்கள்.

முதல் ஆள் சடையன். கல்வராயன் மலைக்காரர். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டு வந்து வீடு வீடாகப் போட்டுப் பழகினவர். எந்த வீட்டில் மழைக்கு ஒழுகும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்று அவருக்கு அத்துப்படி. அப்படியே தரகுக்கும் வந்துவிட்டார். புகையிலையை அடக்கிக்கொண்டு, கேட்டால்தான் பேசுவார். அதுவும் பாதிதான் பேசுவார். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பொறுமை போய்விடும்.

அவர் கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் எது பேசினாலும் நோட்டை அவர்கள் முன்னால் நீட்டி, "இப்ப சொன்னத எழுதிடுங்க" என்பார். தண்ணி வரி யார் கட்டுவது என்று பேசினால் அதையும் எழுத வேண்டும். கொல்லைக் கதவுக்கு ஒரு கொண்டி போட்டுத் தருகிறேன் என்று வீட்டை விற்கிறவர் சொன்னால் அதையும் எழுத வேண்டும்.

சேலத்துக்காரர் வீட்டை முதலில் காட்டியது சடையன்தான். ரிட்டையர் ஆகி மகனோடு சேலத்தில் போய் உட்கார்ந்துவிட்ட தாலுகா ஆபீஸ்காரர் வீடு. ஓடு போட்ட சின்ன வீடு, எக்ஸ்சேஞ்சுக்கு நாலு தெரு தள்ளி. பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சடையன் கேட்டார்: "பணம் கட்டறதுக்குக் கெடு வெப்பாங்க. அதுக்குள்ள வழி அடைச்சிக்கிச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

நான் சிரித்துவிட்டேன். கள்ளக்குறிச்சிக்கு என்ன வழி அடைக்கிறது, இது என்ன மலையா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அவருடைய அப்பா காட்டை ஈடு வைத்திருந்தாராம். மீட்கக் கெடு வைத்த மாசம் மழையில் பாதை சரிந்து, ரெண்டு வாரம் யாரும் இறங்க முடியவில்லை. இறங்கி வந்தபோது கெடு தாண்டிவிட்டது, காடும் போய்விட்டது. "வழி அடைச்சா அத்தினி நாள் கெடு தள்ளும்னு ஒரு வரி எழுதிக்குங்க. அது இல்லாம நான் பேச மாட்டேன்" என்றார்.

ரெண்டாவது ஆள் குணசேகரன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ரெண்டு பேனா, வாய் நிறையச் சிரிப்பு. வீட்டுக்குள் வந்ததும் நேராக மாமியார் படுத்திருந்த பாய் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் எது, அப்பா பேர் என்ன என்று விசாரித்து, அரை மணி நேரத்தில் ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் நான் அவருக்குத் தங்கச்சி. என் வீட்டுக்காரர் மச்சான்.

அந்த ஒரு வார்த்தை

அது எப்படிப்பட்ட வருஷங்கள் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் கூட்டம், ஊர்வலம், மறியல். கேட்டது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் சொந்தத் தம்பி நல்ல மார்க் வாங்கியும் சீட்டுக் கிடைக்காமல் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனும் போனான், வேலூர் ஜெயிலில் போய் இருந்துவிட்டு வந்தான்.

அப்போது எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான், 'நம்மாளு'. கடை வைத்திருக்கிறவன் நம்மாளா, டாக்டர் நம்மாளா, கண்டக்டர் நம்மாளா என்றுதான் முதல் கேள்வி. கேட்கும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பொய் சொல்வானேன், எனக்கும் நிமிர்ந்தது.

குணசேகரன் நம்மாளு. சடையன் இல்லை.

என் வீட்டுக்காரர் தயங்கினார். வீட்டைக் காட்டினது சடையன், அவரை விட்டுவிட்டு இன்னொருத்தரை வைத்துப் பேசுவது சரியில்லை, அந்த ஆள் சொல்கிற ஒரு வரியும் நல்லதுதான் என்றார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். நம்மாளு இருக்கும்போது எதுக்கு ஒரு மலைக்காரன் பின்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று கேட்டேன். இந்த வார்த்தைகளைச் சொன்னது இந்த வாய்தான்.

சடையனுக்கு நானே சொல்லி அனுப்பினேன். அவர் வந்து சண்டை போடவில்லை. அந்த மாசம் புளி மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பத்திரக்காரர் அக்ரிமென்ட் எழுதின அன்றைக்கு எனக்கே ஒரு நிமிஷம் உறுத்தியது. குறித்த தேதிக்குள் பாக்கி கட்டத் தவறினால் அட்வான்ஸும் கிடையாது, வீடும் கிடையாது என்று எழுதியிருந்தது. அதே வாரம் மறியல் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கேட்டேன். குணசேகரன் சிரித்தார்.

"மறியல் நாளு கணக்குல வராது தங்கச்சி. நான் பேசிட்டேன். நமக்குள்ள இன்னா பேப்பரு?"

கையெழுத்துப் போட்டோம்.

மாமியாருக்கு வீட்டைக் காட்ட வேண்டும் என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார். மாமியார் உட்காரவில்லை. தெற்கே தலை வைத்து நீட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். படுத்துக்கொண்டு ரெண்டு பக்கச் சுவரையும் பார்த்தார்.

"நீளம் பத்துது. கால் மாட்டுல நாலு பேர் நிக்கலாம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ தலமாட்டுல உக்காரு. உனுக்குத்தான் ஒப்பாரி வராது, யாராவது எடுத்துக் குடுத்தா கூடவாவது பாடு" என்றார். நாங்கள் மூணு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரோடு செத்த வாரம்

பாக்கிப் பணத்துக்காக என் வீட்டுக்காரர் எலவனாசூர்கோட்டைக்கு, அவர் அண்ணனிடம் போனார். நிலத்தில் இவர் பங்கை ஈடு வைத்துப் பணம் வாங்க வேண்டும். போன ரெண்டாம் நாள் மறியல் ஆரம்பித்தது. புளிய மரங்களை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டின தூரம் வரிசையாக நின்றதாம். மரம் விழுந்ததில் அந்தப் பக்கத்து டெலிபோன் கம்பியும் அறுந்தது. சேலம் லைன் மட்டும் உயிரோடு இருந்தது.

பணம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் பதறவில்லை. மறியல் நாள் கணக்கில் வராது என்று குணசேகரன் சொல்லியிருக்கிறாரே, நம்பிக்கொண்டு அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். ரெண்டு மணிக்கு முடிந்துவிடும், குணசேகரனுக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வர வேண்டிய பெண் பஸ் இல்லாமல் வரவில்லை. நானே தொடர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமைதான் எங்கள் கெடு.

ரெண்டே முக்கால்

ஆபரேட்டர்கள் எல்லாரும் ஒட்டுக் கேட்பீர்களாமே என்று போன மாசம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். லைன் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் காதில் வைப்போம், சரியானதும் போர்டுச் சாவியைத் திருப்பி லைனை விட்டு விலகிவிட வேண்டும். ரூல் அதுதான். அன்றைக்கு நான் திருப்பவில்லை.

"ஐயா, இன்னையோட கெடு முடியுது. ஆளு வரல" என்றார் குணசேகரன்.

"ரோடு அடைச்சிக் கெடக்குதே, எப்பிடி வருவாங்க? ஒரு வாரம் தள்ளி வெச்சா என்னா?" என்றார் சேலத்துக்காரர்.

தள்ளி வைக்கலாம், ஆனால் ஜவுளிக்கடைக்காரர் இன்னும் ஜாஸ்தி தருகிறேன் என்கிறார், அவர் காத்திருக்க மாட்டார் என்றார் குணசேகரன். பேப்பரில் எழுதியிருப்பதுதானே கணக்கு, ஒரு தப்பும் இல்லை என்றார். நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக்கடைக்காரர் எங்கிருந்து வந்தார் என்றே எனக்குப் புரியவில்லை.

"கேஸு கீஸுன்னு போயிட்டாங்கன்னா?" என்று கேட்டார் சேலத்துக்காரர்.

"போவ மாட்டாங்கயா. நம்மாளுங்கதான். நான் சொன்னா கேட்டுக்குவாங்க."

சேலத்துக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தம்மா படுக்கையில கெடக்குதுன்னு சொன்னியேப்பா. பாவமா இருக்குது. எனக்கு என்னமோ..."

கடிகாரத்தில் முள் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் பழகின வாய். என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"வாணாம்மா. பேசி முடிச்சாச்சு" என்றார் குணசேகரன்.

"தேங்க்யூ சார்" என்றேன். பிளக்கை உருவினேன்.

தெரிந்தவர்கள் பேசினால், வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால், அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டுப் பிடிப்போம். அன்றைக்குப் போர்டில் வேறு ஒரு கதவும் விழவில்லை. ஒருத்தரும் காத்திருக்கவில்லை.

அதற்கப்புறமாவது சேலத்துக்காரரை நானே கூப்பிட்டுக் காலில் விழுந்திருக்கலாம். ஒட்டுக் கேட்டது தெரிந்தால் வேலை போகும், என் ஒரு சம்பளத்தை நம்பித்தான் பாதிக் குடும்பம். இதையே ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குத் துணிந்து சேலத்துப் பிளக்கைச் செருகினேன். சத்தமே இல்லை. அந்தப் பக்கமும் எங்கேயோ மரம் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்னமோ மனசு கேட்கவில்லையாம். பணத்தை வேட்டியில் முடிந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். விழுந்து கிடந்த மரங்கள் மேல் ஏறி இறங்கி, சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். உள்ளங்கால் ரெண்டும் கிழிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் குணசேகரன் வந்தார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், சேலத்துக்காரர் ஈவிரக்கம் இல்லாத ஆள் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்னா பண்ணுவீங்க மச்சான், எங்க நேரம் என்று சமாதானம் சொன்னார்.

நான் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் கேட்டது என் குரல்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. டம்ளரை வாங்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அன்றிலிருந்து யார் வீட்டுக் குழம்பையும் குறை சொல்லவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டார். வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

மில் முதலாளி மனசு வைத்து, நெல் காயப்போடும் களத்தில் கிடத்திக்கொள்ளச் சொன்னார். ஒரு ஓரமாக நெல்லை ஒதுக்கி இடம் பண்ணினார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. சடையன் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்தார். லாரித் தார்ப்பாய் ஒன்றை இழுத்து வந்து, நாலு மூலையும் கட்டி நிழல் போட்டுவிட்டுப் போனார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒப்பாரி எடுத்துக் கொடுக்க அந்தக் களத்தில் ஒரு பொம்பளையும் இல்லை. நெல் கிளறுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குணசேகரன் பெரிய மாலையாக வாங்கி வந்தார். "நாங்கள்லாம் இருக்கறோம் மச்சான்" என்றார். என் வீட்டுக்காரர் அவர் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

படித்துக் காட்டினேன்

அதற்கப்புறம் நாங்கள் வீடு வாங்கவில்லை. அட்வான்ஸ் போனது, ஈட்டுப் பணம் அட்வான்ஸுக்கு வாங்கின கடனுக்கே போய் நிலமும் மூழ்கியது. அப்புறம் கையில் காசு வந்தபோது இவருக்கு மனசு வரவில்லை. வீடு பார்க்கலாமா என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். வாடகை வீடு, அடுத்த வாடகை வீடு என்றே காலம் ஓடிவிட்டது.

குணசேகரன் செத்தபோது இவர் போய் மாலை போட்டுவிட்டு வந்து, நம்மாளு, அவரால முடிஞ்ச வரைக்கும் செஞ்சாரு என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்த காலம் எப்போதோ போய்விட்டது. குணசேகரனைப் பற்றிச் சொன்னால், நடுவில் குறுக்கே பேசினது யார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் வாயைக் கட்டியது.

இவருக்கு இப்போது கண் தெரியாது. சர்க்கரை வந்து ரெண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது, இப்போது கட்டிலோடுதான். இந்தத் தொடரை அனுப்புவதற்கு முன்னால் வாரா வாரம் இவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவேன். இந்த வாரமும், இதுவரைக்கும் எழுதினதைப் படித்தேன். நேற்று, காலைச் சாப்பாடு ஆனதும். நிறுத்தாமல் படித்தேன்.

படித்து முடித்ததும் இவர் குணசேகரனைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பேசவுட்டிருந்தா, அந்த சேலத்துக்காரரு சரின்னிருப்பாரா?"

"சொல்லியிருப்பாரு" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடியில் இருக்கிற வீட்டு ஓனர். நல்ல மனுஷர், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது எட்டிப் பார்த்து விசாரிப்பார்.

"ஐயாவுக்கு இப்ப எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

நல்லா இருக்கறார், ஒண்ணும் இல்லை என்றேன். அவர் உடனே போகவில்லை. கதவு ஓரமாக நின்றுகொண்டே இருந்தார்.